கிராமச் சேகரங்களின் குருமார் குறித்துப் பேராயர்களுக்கும் பெருமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தென்மாவட்டத் திருமண்டலங்களின் (பேராயரின் கீழுள்ள சபை மாவட்டங்களின்) பேராயரவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், திருமண்டலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையான பெருமன்றத்தின் உறுப்பினர்களுக்கும், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துச் சபையொன்றின் முன்னாள் செயலரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியருமான நான் எழுதுவது. கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல்கள்.

இவ்வாண்டு மே மாதம் வந்த மாற்றல் பட்டியலில் எங்கள் சேகரத்தின், அதாவது ஒரே குருவின் பொறுப்பில் உள்ள பல ஊர்ச் சபைகளின், குருவானவர் பெயரும் இருந்தது. அவர் எங்களிடம் வந்து 22 மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடந்த 9 ஆண்டுகளில் எங்களை விட்டுப் போகும் நான்காவது ஐயர் அவர் (குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்). உத்தரவு வந்த மாலையில் குருவானவர் குடியிருக்கும் குருமனையின் திண்ணையில் கூடியிருந்தவர்களில் ஒருவர், நல்ல மனத்தோடுதான், "ஒருவழியாகத் தண்ணியில்லாக் காட்டிலிருந்து கரையேறிவிட்டீர்கள் ஐயா, டவுன் கோயில் கிடைத்துவிட்டது" என்று அவருக்கு வாழ்த்துச் சொன்னார். சொன்னவர் எங்கள் ஊர்க்காரர். தான் பிறந்து வளர்ந்து ஞானஸ்நானம் பெற்ற ஊரைத் தண்ணியில்லாக் காடு என்று ஒருவர் தன் குருவானவரிடமே சொல்கிறார், அங்கிருந்த நாங்கள் அனைவரும் சிரித்துக்கொண்டே அதை ஆமோதிக்கிறோம் என்றால், அந்த எண்ணம் எங்களுக்குள் எப்படி வந்தது என்று யோசித்தபடியே அன்றிரவு வீடு திரும்பினேன்.

எந்தத் திருமண்டலம், எந்தச் சேகரம் என்று நான் குறிப்பிடாததற்கு அச்சம் காரணமன்று. பெயரைச் சொன்னவுடன் பேச்சு ஆட்களைப் பற்றியதாகிவிடும். யார் எந்த அணி, அடுத்த பெருமன்றத் தேர்தலில் யாருக்கு எத்தனை வாக்கு என்ற கணக்கில் போய் நிற்கும். நான் சொல்ல வந்ததோ ஒரு வழக்கத்தைப் பற்றி. கிராமச் சேகரத்தைப் புதிதாகக் குருப்பட்டம் பெற்றவருக்குப் பயிற்சிக் களமாகவும், நிர்வாகத்துக்குப் பிடிக்காதவருக்குத் தண்டனையாகவும், ஓய்வை நெருங்குபவருக்குக் காத்திருக்கும் இடமாகவும் நாம் வைத்திருக்கிறோம். ஒரு குருவானவர் தம் முழு வாழ்நாளையும் செலவிடத் தகுந்த இடமாக அதை எண்ணுவோர் அரிதாகிவிட்டார்கள். இந்த வழக்கத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபை இந்த மண்ணில் தொடங்கிய விதத்தை ஒருமுறை நினைவுகூர வேண்டுகிறேன். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் முதன்முதலாக ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1733 டிசம்பர் 28 அன்று. கடலூரில் பிறந்து, ஆறுமுகம் என்ற பெயரோடு வளர்ந்து, ஆரோன் என்று ஞானஸ்நானம் பெற்ற அவரைத் தரங்கம்பாடிக் கோட்டைக்குள் இருந்த ஆலயத்தில் உட்கார்த்தி வைக்கவில்லை. மாயவரத்தைச் சுற்றியிருந்த சிற்றூர்களை அவர் கையில் ஒப்படைத்தார்கள். 1745-இல் இறக்கும்வரை அந்த ஊர்களுக்கு இடையே நடந்துகொண்டேயிருந்தார். அந்த மிஷனின் ஜெர்மன் குறிப்புகள் ஆரோனையும் அவருக்குப் பின் அபிஷேகம் பெற்றவர்களையும் 'நாட்டுப்புறப் போதகர்' என்ற பொருள்தரும் பெயராலேயே குறிப்பிடுகின்றன. ஆக, தமிழ்க் குருமாரின் முதல் பதவிப் பெயரே கிராமத்தைக் குறித்ததுதான். இன்று எந்த இடத்தைத் தண்டனையாகக் காட்டுகிறோமோ அந்த இடத்துக்காகத்தான் இந்தப் பட்டமே முதலில் கொடுக்கப்பட்டது.

எங்கள் பக்கத்துக் கதையும் வேறு அன்று. கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 50 ஆண்டுகள் அந்தச் செம்மணல் ஊரையே தம் ஊராகக் கொண்டார். 1891-இல் கொடைக்கானலில் இறந்தபோது அவர் உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்துக்காகத் தமிழுலகம் அவரைக் கொண்டாடுகிறது. மொழியறிஞர்கள் அடிக்கடி மறந்துபோவது, அந்த நூலை எழுதியவர் பனையேறிகளின் வீடுகளுக்கு வியாதியஸ்தரைப் பார்க்கப் போய்வந்த ஒரு கிராமத்து ஐயர் என்பதைத்தான். மெஞ்ஞானபுரத்து ஜாண் தாமஸ் ஐயரும் 1870-இல் மறையும்வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. பொட்டலாகக் கிடந்த இடத்தில் கிணறு வெட்டி, மரம் வைத்து, இன்று தொலைவிலிருந்தே தெரியும் அந்த உயர்ந்த கோபுரத்துக்கு அடித்தளமிட்டவர் அவர்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இவர்களுக்குப் பின்னால் இங்கிலாந்துச் சங்கங்களின் பணம் இருந்தது. யாரும் மூன்றாண்டில் ஒருமுறை எழுந்துபோகச் சொல்லவில்லை. இவர்கள் பெயர் நிலைத்துநிற்பதற்கு குருப்பட்டம் இல்லாமலே இவர்களுக்குக் கீழே சபைகளைக் கவனித்து ஊர் ஊராக நடந்த உபதேசிமார் காரணம், அந்த உபதேசிமாரின் பெயர்களோ பெரும்பாலும் பழைய பதிவேடுகளில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. வெள்ளைக்காரர் காலம் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. ஒருவர் ஓர் ஊரில் நெடுங்காலம் தங்கும்போது அந்த ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு அவை சான்றுகள், அவ்வளவே.

இனி, கிராமத்து ஐயர் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். உங்களில் பலர் இளமையில் இதைச் செய்தவர்கள்தாம். ஆயினும் காரில் வந்து இறங்கி, மேளதாளத்தோடு வரவேற்கப்பட்டு, பிரதிஷ்டைப் பண்டிகைக்குத் தலைமைதாங்கித் திரும்பும்போது அந்த நாட்கள் மறந்துபோகக்கூடும். எங்கள் சேகரத்தில் ஏழு சபைகள். தலைமைச் சபையில் காலை ஆராதனை முடிந்து, கைகுலுக்கி, காணிக்கை எண்ணுவதற்குச் சபை ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும். அங்கே மூன்றாம் மணி அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். வழியில் யாராவது நிறுத்தி, "ஐயா, அம்மைக்கு ரொம்ப முடியலை, ஒரு எட்டு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள்" என்றால் மறுக்க முடியாது. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை அபிஷேகம் பெற்ற குருவானவர் மட்டுமே நடத்த முடியும் என்பதால், கடைசி இரண்டு சிறிய சபைகளுக்கு அது மாதத்தில் ஒருமுறை. மழைக்காலத்தில் அதுவும் தவறிவிடும். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துகிறார். அவர் இல்லாத ஊரில் மூப்பர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜெப ஒழுங்கை வாசிக்கிறார்.

இந்த ஓட்டத்தை உடம்பு தாங்கும். அதைக் குறையாகச் சொன்ன ஐயர் யாரையும் நான் பார்த்ததில்லை. கிராமத்து ஊழியம் கனக்கும் இடம் வாரநாட்கள்தாம்.

எங்கள் ஊர்களில் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். பனைத்தொழில் நின்று, பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊர் நிறைகிறது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் மறுபடியும் பூட்டிய கதவுகள். இந்தப் பூட்டிய வீடுகளுக்கு இடையே தனியாக இருக்கும் ஒரு தாயாருக்கு இரவு மூச்சுத் திணறினால், துபாயில் இருக்கும் மகன் முதலில் தொலைபேசியில் அழைப்பது ஐயரைத்தான். ஆட்டோ பிடிப்பதும், அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பதும், மருத்துவர் சொன்னதை மகனுக்குப் புரியும்படி சொல்வதும் அவரே. இறந்துவிட்டால் மகனுக்கு விமானம் கிடைக்கும்வரை குளிர்பெட்டிக்கு அருகே ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து கீர்த்தனை பாடுவதும், சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பியைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிற்கவைப்பதும் அவரே. இதற்கெல்லாம் எந்த இறையியல் கல்லூரியிலும் மதிப்பெண் கிடையாது. இவற்றைச் செய்ய ஒருவர் அந்த வீட்டின் மூன்று தலைமுறைக் கதையைத் தெரிந்திருக்க வேண்டும். எந்த அண்ணன், எந்தத் தம்பி, எந்த வேலி, எந்தக் கிணறு என்று தெரிந்திருக்க வேண்டும். 22 மாதங்களில் அது தெரியாது. நல்ல மேய்ப்பன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். எங்கள் ஐயர்மார் பேர் படித்து முடிக்கும் நேரத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரல் 12 அன்று உயிர்த்தெழுந்த பண்டிகை. அப்போது எங்களோடு இருந்த குருவானவர், உபதேசியாரும் ஆலயப் பணியாளரான கோயில் பிள்ளையும் மட்டும் உடனிருக்க, வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் ஆராதனை நடத்தினார். மணி மட்டும் வழக்கம்போல் மூன்று முறை அடிக்கப்பட்டது. நாங்கள் அவரவர் வாசலில் நின்று கேட்டோம். அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு சொல்லியிருந்த அந்த நாட்களில், யாரை அழைப்பது, யாரை வேண்டாமென்று சொல்வது என்ற தாங்க முடியாத கணக்கைத் துக்க வீட்டார் அவரிடமே விட்டார்கள். அவர் அப்போது ஐந்தாவது ஆண்டாக எங்களோடு இருந்தார். அதனால் யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. புதிதாக வந்தவர் ஒருவர் அதே முடிவை எடுத்திருந்தால் ஊர் இரண்டாகியிருக்கும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ஐந்தாண்டு தங்கியவர்களில் கடைசியானவர் அவர்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் நீங்கள் அவரிடம் கேட்கும் கணக்குகள் இருக்கின்றன. ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளை அவர் எழுதத்தான் வேண்டும். அது குருவானவரின் வேலை, விவாகப் பதிவேடு 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டம் அவர் மேல் வைத்த கடமையும்கூட. திருமண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பதிலும், பிள்ளையின் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஐம்பதாண்டுக்கு முந்தைய பதிவேட்டைப் புரட்டி நகல் எழுதுவதிலும் ஒரு மேய்ப்பனின் மனம் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குத் தகுதிச் சான்று வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதும், ஆலய நிலத்தின் எல்லை வழக்குக்காக மாவட்ட நீதிமன்றத்தில் மதியம்வரை காத்துநிற்பதும், ஒவ்வொரு சபையும் திருமண்டலத்துக்குத் தரவேண்டிய பங்குத்தொகையை வசூலித்து அனுப்பாவிட்டால் விளக்கக் கடிதம் எழுதுவதும் அவர் வேலையா? எங்கள் சேகரத்தில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரும், கருவூலத்தில் பணியாற்றிய ஒருவரும், என்னைப் போன்ற ஆசிரியர்கள் நால்வரும் வீட்டில் சும்மா இருக்கிறோம். இந்த வேலைகளை எங்களுக்குக் கொடுங்கள். கையெழுத்து அதிகாரத்தோடு கொடுங்கள். கொடுக்காமல் வைத்திருப்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் உண்டு: பணமும் கட்டடமும் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தேர்தலில் எடை அதிகம், அந்த எடை குருமனை வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள்.

தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். பெருமன்றத் தேர்தல் முடிந்த மறுமாதம் வரும் மாற்றல் பட்டியலை ஊரில் எல்லாரும் எப்படி வாசிக்கிறார்கள் தெரியுமா? தோற்ற அணிக்கு வேண்டிய ஐயர் எந்தத் தேரிக்குப் போகிறார், வென்ற அணிக்கு வேண்டியவர் எந்த நகரத்துக்குப் போகிறார் என்று. அந்த வாசிப்பு எல்லா முறையும் சரியென்று நான் சொல்ல மாட்டேன். அப்படி வாசிக்க மக்கள் பழகிவிட்டார்கள் என்பதே போதிய வெட்கம். தண்டனையாக அனுப்பப்பட்டவர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து, முதல் ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறி நிற்கும்போது, அவர் சிறைவாசி, நாங்கள் சிறை என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பின் அவர் சொல்லும் நற்செய்தி எங்கள் காதில் எப்படி விழும்?

அடுத்து உபதேசியார். எங்கள் சபை மக்கள் ஐயரை மரியாதையாக 'ஐயா' என்பார்கள். உபதேசியாரை மாமா, சித்தப்பா என்று உறவு சொல்லி அழைப்பார்கள். ஐயர் மாறினாலும் அவர் இருப்பார். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி வசனம் சொல்லிக்கொடுத்ததும், விடியற்காலையில் மணியடித்துவிட்டு ஒரு கிழவியும் இரண்டு பிள்ளைகளும் மட்டுமே வந்தாலும் முழு ஜெபமும் நடத்தியதும் அவர்தான். ஒரு குடும்பம் நடத்தப் போதாத ஊதியம், ஒழுகும் வீடு, ஓய்வுக்குப் பின் நிச்சயமற்ற நிலை. இதைத் தெரிந்துகொண்டே இளைஞர் எவரும் இந்தப் பணிக்கு வரவில்லை என்று நாம் வருந்துகிறோம். திருநெல்வேலிச் சபையின் முதல் தமிழ்க் குருவான சத்தியநாதன், பாளையங்கோட்டைச் சபைக்கு வித்திட்ட கிளாரிந்தாள் அம்மையாரின் வேண்டுகோளுக்கு இணங்கப் பாளையங்கோட்டைக்கு உபதேசியாராக அனுப்பப்பட்டவர். 1790-இல்தான் குருப்பட்டம் பெற்றார். உபதேசியார் பணி நமக்கு வேலையாள் பணி அன்று, குருத்துவத்தின் தாய்வீடு.

குருவானவரின் மனைவியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நானும் இத்தனை ஆண்டு எழுதியதில்லை. அவருக்கு உத்தரவு கிடையாது, ஊதியம் கிடையாது. ஆனால் அவர் வந்து இறங்கிய மறுநாளே பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அவர் ஆசிரியையாகவோ செவிலியராகவோ படித்திருந்தால் அந்தப் படிப்பு ஒவ்வொரு மாற்றலிலும் மூட்டை கட்டப்படுகிறது. முன்பு ஆண்டு நடுவில் எங்களை விட்டுப் போன ஐயர் ஒருவரின் மகள் பத்தாம் வகுப்பில் பாதி வழியில் இருந்தாள். பள்ளி ஆண்டைப் பார்த்து மாற்றல் போடுவது அரசு அலுவலகத்துக்குக்கூடத் தெரிந்த நாகரிகம்.

சாதியைத் தவிர்த்துவிட்டு இதை எழுதி முடிக்கலாம் என்று நினைத்தேன். அது நேர்மையாக இருக்காது. தரங்கம்பாடியில் ஆரோனுக்கு அடுத்து யாருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, சேனையில் பணியாற்றியவரும் பலரை விசுவாசத்துக்கு வழிநடத்தியவருமான உபதேசியார் ராஜநாயக்கன் தகுதியில் முன்னால் நின்றார். ஒடுக்கப்பட்ட குலத்தவரான அவர் கையிலிருந்து உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று அஞ்சி, 1741-இல் வேறோர் உபதேசியாரான தியோகுவுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள். இது நடந்து பல தலைமுறைகள் கடந்துவிட்டன. இன்று பட்டத்தைத் தடுப்பதில்லை. பட்டம் பெற்றவரை எந்தச் சேகரத்துக்கு அனுப்பலாம் என்று மெதுவாகப் பேசிக்கொள்ளும்போது அதே அச்சம் அறைக்குள் வந்து உட்காருகிறது. 'அந்த ஊர் ஏற்காது' என்று சொல்லி ஊரின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். ஊருக்கு ஒருமுறையாவது கேட்டுப்பார்த்தோமா? எங்கள் சபை ஏற்காது என்று எனக்கு இளமையில் சொன்னார்கள். பிறகு அப்படி ஒருவர் வந்தார். மூன்று குடும்பங்கள் நான்கு மாதம் திருவிருந்துக்கு எழுந்து வரவில்லை. ஐந்தாவது மாதம் அந்த வீடுகளில் ஒன்றில் சாவு விழுந்தது. இரவு இரண்டு மணிக்கு முதலில் போய் நின்றவர் அவர். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை. அவரும் மூன்றாண்டுக்கு மேல் தங்க அனுமதிக்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் அறிவேன். கிராமச் சபைகள் சிறுத்துவிட்டன. சில சபைகளில் 15 குடும்பங்கள்கூட இல்லை. நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே குருவை நம்பியிருக்கிறார்கள். ஊதியப் பொது நிதிக்குப் பணம் வருவது நகரத்திலிருந்துதான். இவை பொய்யல்ல. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர்தாம். 40 பேருக்கு ஒரு குரு எதற்கு என்று அன்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் நாம் ஒருவருக்கொருவர் இன்று மடல் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். நகரத்து ஆலயங்களில் ஞாயிறு நிரம்பி வழியும் கூட்டத்தின் ஞானஸ்நானப் பதிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: பெரும்பாலும் எங்களைப் போன்ற ஊர்களின் பதிவேடுகளில். வளர்த்துக் கொடுத்த வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது நகரத்தின் கடனும் ஆகும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுத்த காலம் உண்டு. கருப்பட்டியும் முதல் குலை வாழையும் முதல் ஈற்றுக் கிடாரியும் ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் போனது. இப்படிச் சேர்ந்த சில்லறையில்தான் 1903-இல் தொடங்கிய நம் சொந்த மிஷனரிச் சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும், 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றவருமான அசரியா, வெள்ளாளன்விளை என்ற சிற்றூரின் குருமனையில் பிறந்தவர். கிராமத்து ஐயர் ஒருவரின் மகன். பேராயரான பின்பும் அவர் வாழ்நாளைச் செலவிட்டது தெலுங்குக் கிராமங்களில்தான்.

எனவே நான் கேட்பவை இவை. குருவானவரோ சபையோ தக்க காரணத்தோடு கேட்டாலொழிய, ஒரு கிராமச் சேகரத்தில் ஐந்தாண்டுக்கு முன் அவரை மாற்றாதீர்கள். விரும்பித் தங்குபவரைப் பத்தாண்டுகூடத் தங்கவிடுங்கள். நகரத்தில் பணியாற்றும் மூத்த குருமார், பேராயர் பதவிக்குப் பெயர் சொல்லப்படுபவர்கள் உட்பட, தங்கள் நடுவயதில் ஒரு முழுப் பணிக்காலத்தையாவது கிராமச் சேகரத்தில் செலவிட்டிருக்க வேண்டும் என்று விதியாக்குங்கள். அப்போது இந்த இடம் தொடக்கத்துக்கும் தண்டனைக்கும் மட்டும் உரியதல்ல என்பது சொல்லாமலே விளங்கும். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரைக் கிராமத்துக்கு அனுப்பாதீர்கள்: குற்றம் செய்தவர் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் அவர் வேண்டாம், செய்யாதவர் என்றால் அவருக்குத் தண்டனையே வேண்டாம். பள்ளி, நிலம், வழக்கு ஆகியவற்றைச் சபையாரில் தகுதியுள்ளோரிடம் ஒப்படையுங்கள். உபதேசியாருக்கு வாழத் தகுந்த ஊதியமும், ஒழுகாத வீடும், ஓய்வூதியமும் கொடுங்கள். இதற்கு நகரத்து ஆலயங்களின் கட்டட நிதியில் ஒரு பங்கை எடுக்க நேர்ந்தாலும் எடுங்கள், ஒரு கோபுரத்தின் உயரம் சிறிது குறைந்தால் பரமண்டலம் எட்டாமல் போகாது. மாற்றல் உத்தரவுக்கு முன் குருவானவரின் குடும்பத்தை அழைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள்.

இறையியல் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்வழியில் இறையியல் கற்பிக்கத் தொடங்கியது, மக்கள் பேசும் மொழியில் ஊழியர் உருவாக வேண்டும் என்ற எண்ணத்தால்தான். பட்டம் பெற்று வரும் இளைஞரை உடனே ஏழு சபைகளுக்குத் தனிப் பொறுப்பாக்கி, அவர் மூச்சுமுட்டி நகரத்துக்கு ஓடுவதைக் காண்பதைவிட, நெடுநாள் கிராமத்தில் இருந்த ஒருவருக்குக் கீழே இரண்டாண்டு உதவி குருவாக வையுங்கள். சாவு வீட்டில் எப்போது பேச வேண்டும், எப்போது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை அவர் அங்கேதான் கற்க முடியும்.

எங்கள் தரப்புக் குற்றங்களும் உண்டு. வருகிற ஒவ்வொரு ஐயரையும் முந்தையவரோடு ஒப்பிட்டுக் குறை சொல்வோம். பிரசங்கம் நீண்டால் முணுமுணுப்போம், சுருங்கினால் படிக்கவில்லை என்போம். அவர் ஒரு வீட்டில் தேநீர் குடித்துவிட்டு எதிர்வீட்டில் குடிக்காவிட்டால் அதை ஆறு மாதம் பேசுவோம். தலைமை அலுவலகத்துக்குக் கையெழுத்தில்லாத மனு எழுதுகிற கெட்ட பழக்கம் எங்களில் சிலருக்கு உண்டு. அந்த மனுக்களைக் கிழித்துப் போட்டால் உங்களுக்குப் பாதி வேலை குறையும். செயலராக இருந்த காலத்தில் நானும் ஒரு குருவானவரை நியாயமின்றி நெருக்கியிருக்கிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை.

எங்கள் புதிய குருவானவர் ஜூன் மாதம் பொறுப்பேற்பார் என்று சொல்லியிருந்தீர்கள். இம்மடல் எழுதும்வரை யாரும் வரவில்லை. குருமனையின் சாவி என்னிடம் இருக்கிறது. கூரையில் மூன்று ஓடுகள் மாற்றி, கிணற்று மோட்டாரைச் சரிசெய்து வைத்திருக்கிறோம். கடைசி ஊரில் படுக்கையில் இருக்கும் இரண்டு பேர் திருவிருந்து எடுத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அவர்களில் ஒருவருக்கு 91 வயது. அனுப்பப்போகிறவர் யாராக இருந்தாலும், முதல் வாரத்திலேயே அந்த இரண்டு வீடுகளுக்கும் அவரை அழைத்துப்போக உபதேசியார் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
கிராமச் சபையொன்றின் முன்னாள் செயலர்